மேசைக்கு பவர்டு ஸ்பீக்கர்: வாங்குவதிலிருந்து 'உம்ம்ம்' சத்தத்தை ஒழிப்பது வரை

பத்துக்குப் பத்து அறை, சுவரோடு ஒட்டிய மேசை, ஒரு கம்ப்யூட்டர். இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்துப் பாட்டுக் கேட்க வேண்டும், ஆம்பிளிஃபயர் தனியாக வாங்க மனமோ இடமோ இல்லை. உங்கள் நிலைமை இதுதான் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. கடைக்காரர் ஒன்று சொல்கிறார், யூடியூபில் ஒருவர் வேறொன்று சொல்கிறார், பெட்டிக்குள் இருக்கும் கையேடு ஒன்றுமே சொல்வதில்லை. இந்தக் குழப்பத்தில் நான் இழுபட்டுக் கற்றதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

வரிசையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஆன்லைனில் வாங்கினால் மாற்றிக்கொள்ளக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வாரம்தான். குறை ஸ்பீக்கரில் இருக்கிறதா உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும். ஆகவே சனி, ஞாயிறு கையில் இருக்கும்படி பார்த்து ஆர்டர் போடுங்கள்.

1. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பேசிவ் ஸ்பீக்கருக்கு வெளியே ஆம்பிளிஃபயர் வேண்டும். பவர்டு என்றால் ஒரு பெட்டிக்குள் ஆம்பிளிஃபயர் உட்கார்ந்திருக்கும்; மற்ற பெட்டிக்கு அங்கிருந்து ஒயர் போகும். இரண்டு பெட்டியிலும் தனித்தனியே ஆம்பிளிஃபயரும் பவர் கேபிளும் இருக்கும் ஸ்டுடியோ மானிட்டர்களும் உண்டு. அதை வாங்கினால் இரண்டு பிளக் பாயின்ட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வீட்டு மேசைக்கு எடிஃபயர் ஆர்1280டி, பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 போன்ற, ஒரே பெட்டிக்குள் ஆம்பிளிஃபயர் உள்ள பவர்டு ஜோடியே தாராளம்.

மேசையில் ஒரு மீட்டர் தூரத்தில் கேட்பதற்கு மூன்றரை அல்லது நாலு அங்குல ஊஃபர் (கீழ் ஸ்வரங்களைத் தரும் பெரிய கூம்பு) போதும். ஹாலில் டிவிக்கும் சேர்த்து என்றால் ஐந்து அங்குலம் பாருங்கள். "பெரிசா வாங்குங்க, பாஸ் நல்லா இருக்கும்" என்பார்கள். சின்ன அறையில் பெரிய ஊஃபர் வைத்தால் பாஸ் அதிகமாகும், நன்றாக இருக்காது. காரணம் ஐந்தாவது படியில் வருகிறது.

பெட்டியில் பிஎம்பிஓ (கண நேர உச்ச சக்தி) என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண். இரண்டும் சேர்ந்து 40 வாட்ஸ் ஆர்எம்எஸ் இருந்தாலே மேசைத் தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும் அளவுக்குச் சத்தம் வரும்.

பின்பக்கத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை வட்டச் செருகி) உண்டா? டிவிக்கு ஆப்டிகல் (ஒலியை வெளிச்சமாக அனுப்பும் இணைப்பு) வேண்டுமா? பாஸ், ட்ரெபிள் திருகு உண்டா? பாஸைக் குறைக்க வழியில்லாத ஸ்பீக்கரைச் சுவரோரம் வைக்கப்போகிறவர் வாங்க வேண்டாம். ப்ளூடூத் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நஷ்டமில்லை.

அமெரிக்காவிலிருந்து வருகிற உறவினரிடம் சொல்லி வாங்கிவரும் யோசனை இருந்தால், பின்னால் உள்ள லேபிளில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா, அல்லது 115/230 சுவிட்ச் இருக்கிறதா என்று முன்கூட்டியே போட்டோ கேட்டு வாங்குங்கள். 120 வோல்ட் மட்டும் என்று போட்டிருப்பதை இங்கே நேராகச் செருகினால் புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் காசைச் சேர்த்துப் பார்த்தால் லாபம் ஒன்றும் மிஞ்சாது.

2. பில், ஸ்டிக்கர், சீரியல் நம்பர்

இந்த ரகம் பெரும்பாலும் எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடியும். இந்த விலைக்கு வாங்கும் பொருளுக்குக் காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதம், வாடிக்கையாளர் சேவை எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இது சட்டப்படி கட்டாயம். ஸ்டிக்கர் இல்லாத பெட்டி, வழக்கமான விலையைவிட இரண்டாயிரம் குறைவு, "பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி சார்" என்ற பேச்சு: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது வேறு வழியில் வந்த சரக்கு. கெட்டுப்போனால் இந்திய சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிடும்.

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் மாடல் பெயரும் முழுதாக இருக்கிறதா பாருங்கள். ஆர்1280 என்று மட்டும் எழுதினால் பற்றாது, கடைசி எழுத்துகள் வரை வேண்டும். சீரியல் நம்பரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பெட்டியின் ஸ்டிக்கரையும் பில்லையும் ஒரே போட்டோவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டியை ஆன்லைனில் பதிவு செய்யச் சொல்லும் நிறுவனங்கள் சில அதற்குக் கெடு வைத்திருக்கின்றன, அன்றைக்கே முடித்துவிடுங்கள். கூரியரில் வந்தால், டேப்பை வெட்டுவதற்கு முன்பிருந்து இரண்டு பெட்டியும் வெளியே வரும்வரை வெட்டாமல் ஒரே வீடியோ எடுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும். கூம்பு அமுங்கி வந்திருந்தால் அந்த வீடியோ ஒன்றுதான் பேசும். திரும்பப் பெறுவார்களா, மாற்றி மட்டும் தருவார்களா என்பதையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

சென்னைவாசிகளுக்கு: கேபிள், கனெக்டர் எல்லாம் ரிச்சி தெருவில் மலிவு, ஞாயிறன்று பெரும்பாலும் பூட்டு. ஸ்பீக்கரைக் கேட்டுப் பார்த்து வாங்க ஆசைப்பட்டால் ஸ்டுடியோ மானிட்டர் விற்கும் இசைக்கருவிக் கடைகளுக்குப் போங்கள்.

3. கூடுதல் செலவு

ஸ்பீக்கர் விலையோடு கணக்கு முடியாது. ஓர் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஒதுக்கி வையுங்கள்.

கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்கு 3.5 மில்லிமீட்டரிலிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் கேபிள் பெரும்பாலும் பெட்டியிலேயே வரும். இரண்டு ஸ்பீக்கர்களையும் இணைக்கும் ஒயரின் நீளத்தைப் பாருங்கள். மேசைக்குப் போதும், டிவியின் இருபுறம் வைக்க எட்டாது. பின்னால் சிவப்பு, கறுப்பு ஸ்பிரிங் கிளிப் இருக்கும் மாடல் என்றால் கவலையில்லை. எலக்ட்ரிகல் கடையில் 1 சதுர மில்லிமீட்டர், இரண்டு கோர், செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயர் கேட்டால் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். மேசைக்கும் ஹாலுக்கும் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை, தங்க முலாம் பூசியது என்று விற்பதைத் தொடாதீர்கள். சில மாடல்களில் இந்த இணைப்புக்கு அவர்களுடைய தனி ரக பின் கேபிள்தான். நீளம் போதாவிட்டால் வெளியே கிடைப்பது கஷ்டம்.

ஸ்டுடியோ மானிட்டர் வகை வாங்குகிறவர்களுக்கு ஒரு பொறி. பின்னால் தடித்த பேலன்ஸ்டு ஜாக் மட்டும் இருக்கும். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ கேபிளைத் தடித்த ஸ்டீரியோ ஜாக்காக மாற்றி ஒரே ஓட்டையில் செருகினால் பாட்டில் பாடகர் குரல் மட்டும் காணாமல் போகும், ஓரத்து வயலினும் எதிரொலியும் மிஞ்சும். ஸ்பீக்கர் கெட்டுவிடவில்லை. அந்த உள்ளீடு இடதிலிருந்து வலதைக் கழிக்கிறது, இரண்டிலும் பொதுவாக இருக்கும் குரல் அடிபட்டுப் போகிறது. 3.5 ஸ்டீரியோவிலிருந்து இரண்டு தனித்தனி தடித்த மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிள் கேட்டு வாங்குங்கள்.

4. இணைப்பதும் கரண்டும்

ஒயரின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உரித்து, முறுக்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஓர் இழைகூட பக்கத்து முனையைத் தொடக்கூடாது, தொட்டால் ஆம்பிளிஃபயருக்கு ஆபத்து. இதைச் செய்யும்போது பிளக் வெளியே இருக்கட்டும்.

ஆம்பிளிஃபயர் உள்ள பெட்டி வலதா இடதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பிளக் பாயின்ட் எதிர்ப்பக்கம் இருக்கிறதே என்று இடம் மாற்றி வைத்தால் வயலினும் மிருதங்கமும் பக்கம் மாறித் தாவிவிடும். ஒயரில் கேட்கும்போது பின்னால் உள்ள சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ இரண்டையும் மாற்றிச் செருகினால் சரியாகும். ப்ளூடூத்திலும் ஆப்டிகலிலும் அந்த வித்தை பலிக்காது.

கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே போர்டிலிருந்து, ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். போடும்போது கம்ப்யூட்டர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில்; அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். 'டப்' என்ற உதை இப்படிச் செய்தால் இருக்காது. பவர் கட்டில் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஸ்பீக்கர் கர்ரென்றால் அது இன்வெர்ட்டரின் குணம், ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஐப்பசி இடிமழைக்குப் பிளக்கைப் பிடுங்கிவிடுவது உத்தமம்.

5. எங்கே, எப்படி வைப்பது

செலவே இல்லாத வேலை இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான். ஆனாலும் அநேகர் மானிட்டருக்கு இரண்டு பக்கமும் இருந்த சந்தில் ஸ்பீக்கரைத் திணித்துவிட்டு, "பன்னிரண்டாயிரம் கொடுத்தும் இவ்வளவுதானா" என்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, அளவு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கோணம்: இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே என்ன தூரமோ, ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைக்கும் அதே தூரம். நாலடி மேசையில் 24 அங்குல மானிட்டர் வைத்தால் அது 54 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஸ்பீக்கர்களை ஓரத்துக்குத் தள்ளினால் நடுவிலிருந்து நடுவுக்கு 90 முதல் 100 சென்டிமீட்டர் கிடைக்கும். நீங்களும் அதே தூரத்தில் உட்காருங்கள். மூன்றடி மேசைக்காரர்கள் கொஞ்சம் முன்னால் நகர வேண்டும். இரண்டையும் உங்களை நோக்கித் திருப்புங்கள்.

உயரம்: ட்வீட்டர் (மேல் ஸ்வரங்களைத் தரும் சிறிய வட்டம்) காது மட்டத்தில் இருக்க வேண்டும். மேசைப் பலகைக்கு மேல் காது சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும், சின்ன ஸ்பீக்கரின் ட்வீட்டர் 20க்கும் கீழே. ஒன்று 15, 20 சென்டிமீட்டர் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பீக்கரின் முகத்தை 15 டிகிரி மேலே நிமிர்த்த வேண்டும். தூக்குவதே மேல், ஏனென்றால் மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் சத்தம்தான் குரலைப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஆக்குகிறது. ஸ்டாண்டு வாங்கியாக வேண்டும் என்றில்லை. தடித்த மரக்கட்டை போதும், அதன் மேல் பழைய ஹவாய் செருப்பை வெட்டி நாலு மூலைக்கும் வைத்தால் பலகை அதிர்வதும் அடங்கும்.

சுவர்: பின்னால் ஓட்டை உள்ள ஸ்பீக்கருக்குச் சுவரிலிருந்து குறைந்தது 15, 20 சென்டிமீட்டர் விடுங்கள். அறை மூலை ஆகவே ஆகாது. மூலையில் மேசை போட்டிருப்பவர்களுக்கு ஒரு ஸ்பீக்கர் உறுமும், மற்றது சோனியாகக் கேட்கும். பேலன்ஸைத் திருகி இது தீராது, மேசையை நகர்த்துங்கள். இடமில்லை என்றால் பாஸ் திருகைக் கீழே இறக்குங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இப்போது பெரிய ஊஃபர் விஷயம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில ஸ்வரங்கள் மாட்டிக்கொண்டு தேங்கும். பத்தடி என்பது 3.05 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். வேகத்தை அந்தத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸிலும் தேக்கம் வரும். நீளமும் அகலமும் பத்தே என்றால் இரண்டு ஜோடிச் சுவர்களும் ஒரே ஸ்வரத்தை ஊதிப் பெருக்கும். பாட்டில் பாஸ் கிட்டார் இறங்கி வருகையில் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று உப்பினால் அது அறையின் வேலை. நாலு அங்குல ஊஃபர் 56 வரை இறங்கத் திணறும், அதனால் பாதித் தொல்லை தானே தீர்ந்தது. பெரிய ஊஃபரோ சப் ஊஃபரோ அந்தத் தேக்கத்துக்கே எண்ணெய் ஊற்றும்.

அறையின் சரி நடுவில் உட்கார்ந்தால் 56 மறைந்துபோகும், 112 வீங்கும். பின்சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தால் எல்லா பாஸும் வீங்கும். எதிர்ச்சுவரிலிருந்து சுமார் மூன்றே முக்கால் அடியில் காது இருந்தால் இந்த இரண்டு தொல்லைக்கும் இடைப்பட்ட நல்ல இடம். சுவரோர மேசையில் வழக்கமாக உட்காரும் தூரமும் கிட்டத்தட்ட அதுவே, நம் அதிர்ஷ்டம்.

நம் வீடுகளில் இன்னொன்று: டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கம்பளம் கிடையாது. நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள். 'டங்' என்று வால் நீண்டு கேட்டால் பாட்டின் வரிகளும் அப்படித்தான் குழையும். தடித்த திரைச்சீலை, பஞ்சு மெத்தை, துணி தொங்கும் ஸ்டாண்டு, புத்தக அலமாரி என எது வந்தாலும் உதவும். சுவரில் ஒட்டும் முக்கோண ஃபோம் பாக்கெட் பாஸுக்கு ஒன்றும் செய்யாது. மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு நுணுக்கம் தேடவும் வேண்டாம்.

6. கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டியவை

விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட் போய் உங்கள் அவுட்புட்டைத் திறந்து ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், ஸ்பேஷியல் சவுண்ட் இரண்டையும் அணையுங்கள். லேப்டாப் நிறுவனம் போட்டுத் தந்த 'தியேட்டர் எஃபெக்ட்' செயலிகளையும் அப்படியே. யூடியூபில் ஸ்டேபிள் வால்யூம் என்பதை அணைத்தால் மெல்லியதும் பலத்ததும் உள்ளபடி வரும். கம்ப்யூட்டர் ஒலியளவை 80, 90 சதவீதத்தில் நிறுத்திவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஸ்பீக்கர் திருகில் செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவீர்கள்.

ப்ளூடூத்தில் படமும் உதடும் பொருந்தாமல் இழுக்கும், கேம் ஆடுகிறவர்களுக்கு உதவாது. ஒயர் எட்டும் தூரத்தில் ஒயரே நல்லது.

7. பழைய மோனோ பாட்டு ஒன்று

அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. சோதனைக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒன்றைப் போட்டுக் கண்ணை மூடுங்கள். பாட்டு முழுவதும் மானிட்டரின் நடுவிலிருந்து, ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தால் தூரத்தை மறுபடி அளங்கள். தலையைச் சுற்றி எங்கிருந்தோ பரவலாக வந்து, பாஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு மாறியிருக்கிறது. ஒயரைத் திருப்பிப் போட்ட நொடியில் குரல் நடுவுக்கு வந்து நிற்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஒருபக்கம் சத்தம் குறைவென்றால் இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றுங்கள். குறையும் கூடவே நகர்ந்தால் ஸ்பீக்கரிலோ கேபிளிலோ கோளாறு, அங்கேயே நின்றால் அறையில்.

"நூறு மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம்தான் செட் ஆகும்" என்று விற்றவர் சொல்லக்கூடும். நூறு மணி நேரம் ஓடி முடிப்பதற்குள் மாற்றும் கெடு முடிந்துவிடும். இன்று பிடிக்காத ஸ்பீக்கருக்கு இன்றே புகார் போடுங்கள்.

8. 'உம்ம்ம்' வந்தால்

பலரும் ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான். முதலில் எந்தச் சத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ட்வீட்டரில் காது வைத்தால் மட்டும் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' ஆம்பிளிஃபயரின் இயல்பு, விட்டுவிடுங்கள். மவுஸை நகர்த்தும்போது கூடவே கீச்சிடுவது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது. மின்விசிறி ரெகுலேட்டரை மூன்றில் வைக்கும்போது மட்டும் வருகிறதா? ரெகுலேட்டர்தான் காரணம். எப்போதும் அடித்தொண்டையில் 'உம்ம்ம்' என்றால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைந்திருக்கிறது.

பின்னாலிருக்கும் ஒலிக் கேபிள்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் போடுங்கள். அப்போதும் உறுமினால் வேறு பிளக் பாயின்ட்டில் ஒருமுறை பாருங்கள், பிறகு மாற்றக் கேளுங்கள். அடங்கிவிட்டால் சார்ஜரில் இல்லாத போனை அதே கேபிளில் இணையுங்கள். சுத்தமாக இருந்தால் ஸ்பீக்கரும் கேபிளும் குற்றமற்றவை. அடுத்து லேப்டாப், சார்ஜர் இல்லாமல். பிறகு சார்ஜரோடு. பிறகு ஹெச்டிஎம்ஐ மானிட்டர், லேன் கேபிள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எதைச் செருகியதும் உறுமல் வருகிறதோ அதுதான் ஆள். டிவியோடு என்றால் டிஷ் அல்லது கேபிள் ஒயரைச் சந்தேகப்படுங்கள், அது மாடியிலிருந்து தன் எர்த்தைச் சுமந்துகொண்டு வருகிறது.

தீர்வை மலிவிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே போர்டுக்கு மாற்றுவதற்குக் காசில்லை. ஒலிக் கேபிளை பவர் கேபிளிலிருந்து விலக்குவதற்கும் இல்லை. அடுத்து கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (எர்த் வழியாக வரும் உறுமலைத் தடுக்கும் சிறு டப்பா), சில நூறு ரூபாய். கேபிளின் நடுவில் செருகினால் பெரும்பாலும் அடங்கும், ரொம்ப மலிவானது பாஸைக் கொஞ்சம் தின்னும். கீச்சுச் சத்தத்துக்குச் சின்ன யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் ஒலியைக் கம்ப்யூட்டருக்கு வெளியே மாற்றித் தரும் கருவி) நல்லது. ஆப்டிகல் இரண்டு பக்கமும் இருந்தால் அதையே போடுங்கள். வெளிச்சத்தில் போகிற ஒலிக்கு எர்த் தொந்தரவே கிடையாது.

மூன்று பின் சார்ஜர் போட்டும் லேப்டாப்பின் உலோக உடம்பு கையில் சுருசுருவென்றால் அந்தப் பாயின்ட்டில் எர்த் இல்லை. பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயருக்கு மட்டும் இருப்பதுண்டு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள், வீட்டுக்காரரிடம் பேசுங்கள். பிளக்கின் எர்த் பின்னை உடைத்தால் உறுமல் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும், உயிரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

9. டிவியோடு சேர்த்தால்

ஆப்டிகல் கேபிள் போட்டும் சத்தமே வராதது, அல்லது வெறும் கரகரப்பு வருவது, இங்கே சகஜம். டிவியின் சவுண்ட் அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட் என்பதை ஆட்டோ அல்லது டால்பியிலிருந்து பிசிஎம்முக்கு (சுருக்காத சாதாரண ஸ்டீரியோ) மாற்றுங்கள். இந்த ரக ஸ்பீக்கருக்கு டால்பி புரியாது. ஆப்டிகலில் டிவி ரிமோட்டால் சத்தத்தைக் குறைக்க முடியாமல் போவதும் உண்டு. ஸ்பீக்கருக்குத் தனி ரிமோட் இருக்கும் மாடலையே வாங்குங்கள், இல்லாவிட்டால் சீரியல் நடுவே வரும் விளம்பரத்துக்கெல்லாம் எழுந்து போக வேண்டும். சத்தம் குறைவாக வைத்தால் ஸ்பீக்கர் தானே தூங்கிவிடுகிறதா? பின்னால் ஆட்டோ ஸ்டான்ட்பை சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணையுங்கள்.

10. கெடுவுக்குள் கேட்க வேண்டியது

இரைச்சல், ஒருபக்கச் சத்தம், திருகும்போது கரகரப்பு: எதுவானாலும் போனில் பதிவு செய்து, செயலி வழியாகவோ மின்னஞ்சலிலோ எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் பேசியதற்கு ஆதாரம் இல்லை. எட்டாம் படியின் சோதனையைச் செய்த விவரத்தையும் எழுதினால் "உங்க வீட்டு கரண்ட் சரியில்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது. விற்றவர் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லும் புகார் எண்ணும் கையில் இருக்கட்டும்.

கெடு முடிந்த பிறகு வரும் பழுதுக்கு வாரண்டி. வீட்டுக்கு வந்து எடுப்பார்களா, நீங்களே அனுப்ப வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நீங்களே அனுப்ப வேண்டியிருந்தால் ஜோடியையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள், எடை ஐந்து கிலோவை ஒட்டி வரும், கூரியர் செலவு உங்களுடையது. தெர்மாகோல் அச்சு இல்லாமல் அனுப்பிய பெட்டி வழியில் உடைந்தால் பொறுப்பேற்க ஆள் கிடையாது. ஆகவே வாரண்டி முடியும் வரை அட்டைப்பெட்டியும் தெர்மாகோலும் பரணில் கிடக்கட்டும், பழைய பேப்பர்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.